நகராத கடலை நகர்த்திய வரைபடம்

நான் வேலை பார்த்த கல்லூரித் துறையிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் போன் செய்தார். ஆண்டு மலருக்கு என் பணிக்கால நினைவுகளை இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இனிமையாக இருக்கட்டும் சார் என்றார். பேச்சோடு பேச்சாக, எம்.எஸ்சி. புவித் தகவலியல் பாடத்திட்டத்திலிருந்து களப்பணி வாரத்தை எடுத்துவிட்டோம், இப்போது எல்லாமே மேலேயிருந்து துல்லியமாகத் தெரிகிறது, பிள்ளைகளை வெயிலில் அலையவிட வேண்டியதில்லை என்று நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். இனிமை கினிமையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். மலரில் போட முடியாது என்றால் போங்கள், வேறெங்காவது போட்டுக்கொள்கிறேன்.

நான் படித்த கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆத்தூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். திருநெல்வேலியில் புவியியல் எம்.ஏ. அதன்பிறகு வடக்கே ஒரு பயிற்சி நிலையத்தில் ஜி.ஐ.எஸ்., அதாவது கணினியில் வரைபடம் போடும் தொழில், கற்றுக்கொண்டேன். அப்போதெல்லாம் பெரிய மேசைமேல் வரைபடத்தை விரித்து ஒட்டி, குறுக்குக்கோடு போட்ட ஒரு கருவியால் ஒவ்வொரு கோடாகத் தடவித் தடவிக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். கழுத்து போய்விடும். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இந்தப் பட்ட மேற்படிப்பைத் தொடங்கியபோது ஆசிரியராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே லேப், அதே நாற்காலி. முரட்டு சார் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் தப்பில்லை.

எங்கள் தொழிலில் முதல் பாடமே, பழைய நிலவரைபடத் தாளைக் கணினிக்குள் கொண்டுவந்து பூமியின்மேல் அதன் இடத்தில் உட்காரவைப்பதுதான். தாளை ஸ்கேன் செய்வோம். அதன் நான்கு மூலைகளிலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் அச்சாகியிருக்கும். மூலையில் மவுஸை வைத்து அந்த எண்ணை அடிக்க வேண்டும். நான்கு மூலையும் முடிந்ததும் எவ்வளவு பிழை என்று மென்பொருளே ஓர் எண்ணைக் காட்டும். அது சிறிதாக வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னப் பெட்டியில், இந்த எண்கள் எந்தக் கணக்கைச் சேர்ந்தவை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டேட்டம் என்போம். பழைய தாள்களை வரைந்தவர்கள் பூமியின் உருவத்தை ஒரு கணக்காக வைத்துக்கொண்டு வரைந்தார்கள். ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் எல்லாம் வேறு கணக்கு. ஒரே எண்தான், ஆனால் இரண்டு கணக்கிலும் அது விழுகிற இடம் வேறு. பழைய தாளைப் புதுக் கணக்கில் போட்டால், நம் கரையில் தாள் முழுவதும் நூறு மீட்டருக்கு மேல் கிழக்கே, கடல் பக்கமாகத் தள்ளிப் போய் உட்கார்ந்துவிடும். பெட்டியில் தானாக வந்து நிற்பதோ புதுக் கணக்கு. அதைக் கவனித்து மாற்றாதவன் தொலைந்தான். இதில் கொடுமை என்னவென்றால், மென்பொருள் காட்டும் பிழை எண் அப்போதும் சிறிதாகத்தான் வரும். நான்கு மூலையும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

அதற்காகத்தான் களப்பணி வாரம் என்று ஒன்றை வைத்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் ஜி.பி.எஸ்.ஸைத் தூக்கிக்கொண்டு, தாளில் உள்ள நகராத பொருள்களின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கோயில், ரயில்வே கேட், பாலம், குளத்து மடை, எதுவானாலும் சரி. நின்று எண்ணை எடுத்து, கணினியில் உட்காரவைத்த தாள் அதே பொருளுக்குக் காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பள வரப்பில் வழுக்கி விழுந்து அழுதவர்கள் உண்டு. என்னைத் திட்டிக்கொண்டே நடந்தவர்கள் உண்டு. திட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.

இனி எங்கள் துறைத் தலைவர். பெயர் வேண்டாம். அவர் சத்தம்போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லோரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார், பட்டம் இருக்கிறதோ இல்லையோ. கையில் எப்போதும் ஒரு லேசர் விளக்கு வைத்திருப்பார். சுவரில் விழும் படத்துக்கு மட்டும் அல்ல, மேசையில் விரித்த தாளுக்கும் அந்தச் சிவப்புப் புள்ளிதான். விரலால் ஒரு வரைபடத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் பியூன் வைத்துவிட்டுப் போன டீயை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதைக்கூடப் புள்ளி வைத்துத்தான் காட்டினார். களத்துக்கு வந்தால் தார்ச்சாலை முடிகிற இடத்தில் கார் நிற்கும். மணலில் இறங்க மாட்டார். நான் கத்துவேன், அவர் புன்னகை செய்வார். பார்க்கிறவர்களுக்கு நான்தான் பண்பு கெட்டவன்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஓர் ஆய்வுக் கட்டுரை. பழைய தாளிலிருந்து கரைக்கோட்டை எடுத்து நீல நிறத்தில் போட்டார். புதிய செயற்கைக்கோள் படத்திலிருந்து கரைக்கோட்டை எடுத்துச் சிவப்பில் போட்டார். சிவப்புக் கோடு மேற்கே, நிலத்துக்குள் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ளதெல்லாம் கடல் தின்ற நிலம் என்றார். கருத்தரங்குகளில் கைதட்டினார்கள். சம்பந்தப்பட்ட அரசு அலுவலகம் அதை வாங்கி, கரையோர ஊர்களைக் கடும் அரிப்புப் பகுதி என்று பட்டியலில் போட்டது. அந்த ஊர்களில் அரசு வீட்டுத் திட்டம் கிடையாது, வலைக்கூடம் கிடையாது, எல்லாவற்றுக்கும் அனுமதி மறுப்பு. அந்த வேலை என் லேபில் நடக்கவில்லை. கட்டுரையில் இரண்டு கோடுகளைத் தவிர ஒரு கட்டடம்கூட இல்லை, அதனால் தாள் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவனுக்குப் பிடிபடாது. கோப்புகளைக் கொடுங்கள், பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பார்த்துக்கலாம் டாக்டர் என்றார். அதோடு சரி.

ரோஸ்லின் அந்தக் கரையோர ஊர்களில் ஒன்றிலிருந்து வந்து எம்.எஸ்சி. சேர்ந்த பெண். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் எவனாவது மறுபடி அதன்மேல் கோடு போடுவான். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கருவாடு விற்கிறவர். வாயாடி. வகுப்பில் என்னிடமே எதிர்த்துக் கேட்பாள், எனக்குப் பிடிக்கும். இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைவரே அவளுக்குத் தலைப்புக் கொடுத்தார். தன் கட்டுரையின் கரைக்கோட்டைப் புதிய படங்களோடு ஒப்பிட்டு நீட்டிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கோப்பையும் கொடுத்தார். நான் இத்தனை நாள் கேட்டுக் கிடைக்காத கோப்பு அவள் கைக்கு வந்தது. அதில் கோடு மட்டும் இல்லை, ஸ்கேன் செய்த முழுத் தாளும் இருந்தது.

மறுநாள் காலையில் லேபுக்கு வந்தவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்: "சார், எங்க ஊரு கோயில் கடலுக்குள்ள நிக்கி."

அந்தக் கரையில் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். தாளில் அதற்குச் சிலுவைக் குறி உண்டு. போய்ப் பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தின்மேல் அந்தக் குறி தண்ணீருக்குள் கிடந்தது. பழைய கோயில் இடிந்து வேறு இடத்தில் கட்டினார்களா என்று கேட்டேன். அதே கோயில்தான், தாத்தா கல்யாணம் நடந்த கோயில் என்றாள். "போன ஞாயித்துக்கெழம அதுலதான் சார் பூசைக்குப் போனேன். கால் நனையல" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பின் விவரத்தைத் திறந்தேன். டேட்டம் பெட்டியில் புதுக் கணக்கு. மாற்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போனோம். கோயில் கொடிமரத்தின் அடியில் ஜி.பி.எஸ். எடுத்தோம். அங்கிருந்து உள்ளே போய், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ரயில்வே கேட்டில் எடுத்தோம். இன்னும் உள்ளே ஒரு குளத்து மடையில் எடுத்தோம். தலைவரின் கோப்பில் மூன்றும் ஒரே திசையில், ஒரே தூரம் கிழக்கே தள்ளியிருந்தன. கடல் அரித்தால் கரைதான் நகர வேண்டும். குளத்து மடை எதற்கு நகர்கிறது? கணக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்துத் தாளை மறுபடி உட்காரவைத்தோம். கோயில் கோயில்மேலேயே வந்து உட்கார்ந்தது. நீலமும் சிவப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. அரிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் கொஞ்சம் போயிருக்கிறது, சில இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. ஊரைத் தின்கிற அரிப்பு இல்லை.

கோயில் நிழலில் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் கருவியைப் பார்த்துவிட்டு, அளந்து எழுத வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். "கடல் வருது கடல் வருதுன்னு ஆபீசுல சொல்லுதாவ சார். எங்கன வருதுன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்லுங்க, நாங்களும் பாக்கோம்" என்றார். ரோஸ்லின் வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா பேசியதெல்லாம் வீட்டைப் பற்றித்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பக்கச் சுவர் வாயைப் பிளந்து நின்றது. வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டால், உங்கள் ஊரே கடலுக்குள் போகப்போகிறது, எதற்கு வீடு என்று திருப்பி அனுப்புகிறார்களாம். "ஏளா, ஒங்க காலேசுலதான் அப்டி எழுதிக் குடுத்தாவளாமே, நெசமா?" என்று மகளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

ரோஸ்லின் இதையெல்லாம் தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமாக எழுதினாள். அவள் எழுதி முடித்த பிறகு ஒரு திங்கட்கிழமை தலைவர் அறைக்குப் போனேன். இரண்டு படங்களையும் மேசையில் விரித்தேன். சிவப்புப் புள்ளி கோயில்மேல் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே ஆடியது. பிறகு, இது அந்தப் பெண்ணின் சொந்த ஊர் இல்லையா, உணர்ச்சி கலந்துவிட்டது என்றார். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் நல்ல ஆய்வு என்றார். ரயில்வே கேட் எப்படி நகர்ந்தது, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். "டாக்டர், உங்க கோபம் எனக்குப் புரியுது" என்றார். மேசையில் ஓங்கி அடித்தேன். அவர் டீ கொட்டிவிட்டது. என் கோபம் யாருக்கு ஐயா வேண்டும்? எண்ணைப் பார் என்றால் என் மூஞ்சியைப் பார்க்கிறான் மனுஷன். வெளியே வந்தபோது அலுவலக ஊழியர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். தொழில் தெரிந்த மனிதர். நான்காம் அத்தியாயத்தை எடுக்காமலே வந்த ரோஸ்லின் படத்தைப் போட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. தலைவரை ஒரு முறை பார்த்தார். அப்புறம் தேர்வு முடியும்வரை தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் மெதுவான குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, இது உங்கள் ஊர்தானே அம்மா என்று கேட்டார்.

"ஆமா சார். ரயில்வே கேட் எங்க ஊரு இல்ல சார். அதுவும் அதே தூரந்தான் நகந்திருக்கு."

என் வாழ்நாளில் ஒரு வாய்மொழித் தேர்வில் அதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. முடிவு என்ன தெரியுமா? தலைப்பின் எல்லையை மீறியிருக்கிறது, நான்காம் அத்தியாயம் இல்லாமல் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். வெளித் தேர்வாளர் வராந்தாவில் என் தோளில் கைபோட்டு, வேலை சரியான வேலைதான் சார், ஆனால் உங்கள் தலைவர் ஓய்வு பெறப்போகிற நேரத்தில் எதற்கு என்றார். கையை எடுங்கள் என்றேன். அதற்குமேல் சொன்னதை அச்சில் போட முடியாது.

அவளுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. பட்டம் வராததால் அது போயிற்று. நான் துணைவேந்தர் வரைக்கும் போவோம், கேஸ் போடுவோம் என்று லேபுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அவள் குதிக்கவில்லை. "சார், நீங்க கோவப்படுதீங்க. நான் ஒண்ணு கேக்கேன். அந்த அத்தியாயத்த எடுத்தா எனக்குப் பட்டம் கெடைக்கும், எங்கம்மைக்கு வீடு கெடைக்காது. எடுக்காம இருந்தா, பட்டம் இல்லாத பிள்ள போட்ட படத்த ஆபீசுல எவன் மதிப்பான்? துறை முத்திரை இல்லாட்டா அது வெறும் தாள்தானே சார்" என்றாள். அந்தப் படத்துக்கு மதிப்பு வர துறையின் முத்திரை வேண்டும். முத்திரை வேண்டுமானால் அந்தப் படம் இருக்கக்கூடாது. இப்படி ஒரு முட்டுக்கட்டையை ஒரு பிள்ளையின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம், படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து.

வழியை அவளே கண்டுபிடித்தாள். புதுத் தலைப்புக் கேட்டு விண்ணப்பித்தாள். பழைய நிலவரைபடத் தாள்களில் டேட்டம் பிழையைத் திருத்தும் முறை. கரை என்ற சொல்லே அதில் கிடையாது. அரிப்பு கிடையாது, கடல் கிடையாது. கோயில், ரயில்வே கேட், மடை, இரண்டு பாலங்கள் என்று நிலத்தில் உள்ள பொருள்கள் மட்டும். அதே தாள், அதே எண்கள், அதே திருத்தம். என்னையே வழிகாட்டியாகப் போட்டுக்கொண்டாள். ஒவ்வோர் அளவையும் நான் இரண்டு தடவை எடுக்கவைத்தேன். முனகிக்கொண்டே எடுத்தாள்.

தலைவரின் கையெழுத்துக்குப் போன அன்று நான் அறை வாசலில் நின்றேன், சண்டைக்குத் தயாராக. அவர் பக்கங்களைப் புரட்டினார். திருத்தப்பட்ட தாளின் படம் வந்தது. அந்தப் படத்தில் அவருடைய கட்டுரையின் கழுத்து அறுந்து கிடந்தது. புள்ளி அதன்மேல் போனது, கடந்தது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, "நல்ல டெக்னிகல் வொர்க் டாக்டர், இந்த மாதிரி உணர்ச்சி இல்லாம செய்யணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதன் மறைக்கவில்லை. மறைக்க அவருக்கு ஒன்றும் தெரியாது. டேட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு துறையின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, கரை முழுக்க ஊர் ஊராகக் கோடு போட்டிருக்கிறார். களவாணியாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ரத்தம் கொதித்திருக்காது. களவாணிக்குத் தான் செய்தது என்னவென்றாவது தெரியும். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. என் மனைவி என்ன என்று கேட்டதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

ரோஸ்லினுக்குப் பட்டம் வந்தது. ஆய்வேட்டின் முத்திரையிட்ட பிரதியோடு, திருத்திய தாளின்மேல் தானே கரைக்கோட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களோடு அந்த அலுவலகத்துக்குப் போனாள். நானும் போனேன். அலையாய் அலைந்தோம். கடைசியில் ஒரு பொறியாளர் நேரில் வந்து கொடிமரத்தடியில் நின்று, தன் போனிலேயே எண்ணைப் பார்த்துவிட்டு, "கோயில் இங்கன கெடக்கே, படத்துல எதுக்கு அங்கன போட்டிருக்காவ?" என்று எங்களையே கேட்டார். ஊரைப் பட்டியலிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. ரோஸ்லின் அம்மாவுக்கு வீடு கிடைத்தது. அஸ்திவாரம் தோண்டிய அன்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். போனேன், மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

உத்தரவின் நகலை அன்றைக்குத்தான் அங்கே உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். அதில் ஒரே ஓர் ஊரின் பெயர் இருந்தது. தப்பான தாள் ஒன்றுதான். அந்தத் தாளில் வடக்கேயும் தெற்கேயும் எத்தனை ஊர்கள் இருக்கின்றன! அத்தனைக்கும் அதே தப்பு, அதே தூரம், அதே திசை. ஓர் ஊருக்குத் தாள் தப்பென்றால் பக்கத்து ஊருக்கு மட்டும் எப்படிச் சரியாகும்? அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். மற்ற ஊர்களிலிருந்து ஆய்வு எதுவும் வரவில்லையே சார் என்றார்கள். நானே எல்லா ஊருக்கும் படம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், துறையின் கடிதம் வேண்டும் என்றார்கள். துறைக்குப் போனேன். அது தனி ஆய்வுத் திட்டமாக வந்தால்தான் சார் செய்ய முடியும் என்றார்கள். புதுத் தலைவரும் மெதுவாகத்தான் பேசுகிறார்.

ரோஸ்லின் இப்போது ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். போன் செய்யும்போதெல்லாம் அடுத்த ஊர் என்ன ஆச்சு சார் என்று கேட்கிறாள். போன வாரம் அந்த அடுத்த ஊருக்குப் போயிருந்தேன். கூரை பறந்துவிடாமல் இருக்க ஒரு வீட்டின்மேல் பழைய வலையைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரம்மா, எங்கள் ஊரையும் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துத் தாருங்கள் சார் என்று கேட்டார். உங்கள் வீட்டில் யாராவது எம்.எஸ்சி. படிக்கிறார்களா என்று நான் அவரைக் கேட்க வேண்டியிருந்தது.